பெட்ரோல் கசிந்த நிலத்தடி நீர்: பம்பை நிறுத்தலாமா, இன்னும் ஓட்ட வேண்டுமா?

பங்க்கின் நிலத்தடித் தொட்டி கசிந்தது. தொட்டியை மாற்றியாயிற்று. நாலைந்து வருஷமாகத் தண்ணீரை இறைத்து, கார்பன் (மாசை உறிஞ்சிப் பிடிக்கும் கரி) வழியே விட்டு வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோலில் உள்ள நச்சுப் பொருளான பென்சீனின் அளவு முதல் வருஷம் சரசரவென்று இறங்கியது, இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. மின்கட்டணம் மட்டும் நிற்கவில்லை. “இனி நிறுத்தலாமா?” என்பது பங்க் நடத்துபவரின் கேள்வி. “நிறுத்தினால் எங்கள் போர்வெல் என்ன ஆகும்?” என்பது பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்தின் கேள்வி.

கையில் இருக்கும் வழிகள் நான்கு: தொடர்ந்து இறைப்பது, இயந்திரத்தை நிறுத்திவிட்டு இயற்கை சிதைப்பதைக் கண்காணிப்பது, நிபந்தனை போட்டுச் சுத்திகரிப்புக் கோப்பை மூடுவது, நிபந்தனையே இல்லாமல் மூடுவது. சென்னையில் இவற்றுக்குள் தேர்ந்தெடுக்க ஆய்வகத் தாளில் உள்ள ஓர் எண் போதாது. மூடுவதென்றால், இயந்திரம் நின்ற பிறகு இரண்டு கோடையும் இரண்டு வடகிழக்குப் பருவமழையும் கடந்த அளவீடுகள் வேண்டும், சுற்றிலும் எத்தனை போர் ஓடுகிறது என்ற கணக்கும் வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் வரும் ‘மூடலாம்’ என்ற பரிந்துரையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

## முதலில் அளவுகோல்கள்

மிதக்கும் எண்ணெய். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். மட்டம் ஏறி இறங்கும்போது மணலில் மேலும் கீழுமாகப் பூசிக்கொள்ளும். மழைக்காலத்தில் நீர் ஏறினால் எண்ணெய் மணல் துளைகளுக்குள் நீருக்கடியில் மாட்டிக்கொள்ளும், கிணற்றில் ஒன்றும் தெரியாது. மே மாதம் மட்டம் இறங்கியதும் வடிந்து கிணற்றுக்குள் வந்து நிற்கும். டிசம்பரில் பார்த்துவிட்டு ‘எண்ணெய் இல்லை’ என்று எழுதிய அறிக்கையைக் கோடை பொய்யாக்குவது இதனால்தான்.

கிணற்றில் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்பதும் பெரிய விஷயமில்லை. நுண்மணலில் கிணற்றுக்குள் தெரியும் தடிமன் மண்ணில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். எடுக்க வருமா என்பதுதான் கேள்வி. எண்ணெயைப் பெய்லரால் (கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் குழாய்க் குவளை) அள்ளி எடுத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாகத் திரும்ப ஊறுகிறது என்று அளந்து, எண்ணெயின் கடத்துதிறனை, அதாவது மண் வழியே அது எவ்வளவு எளிதாக ஓடி வரும் என்பதை, கணக்கிடலாம். நாளொன்றுக்கு 0.1 முதல் 0.8 சதுர அடி என்ற வரம்புக்குக் கீழே போய்விட்டால் பம்ப் வைத்து எடுப்பதில் பயனில்லை என்பது துறையில் ஒப்புக்கொண்ட அளவு.

படர்வு நகர்கிறதா, சுருங்குகிறதா. எண்ணெயிலிருந்து கரைந்த பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை நீரோட்டத் திசையில் ஒரு நாக்கு மாதிரி நீளும். அதுதான் படர்வு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை ஓரங்களிலிருந்து தின்னும். உண்ணும் வேகமும் கரையும் வேகமும் சமமானால் நாக்கு நீள்வதை நிறுத்தும், பிறகு சுருங்கும். இதைக் காட்ட மேன்–கெண்டால் சோதனை (எண்கள் உண்மையிலேயே இறங்கி வருகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போதும், ஆனால் நான்கே மாதிரி வைத்துச் செய்தால், நான்கும் ஒன்றைவிட ஒன்று குறைந்திருந்தால்தான் 95% நம்பிக்கை கிடைக்கும். குறைந்தது எட்டு சுற்று வையுங்கள். மே மாதத்தை மே மாதத்தோடும், டிசம்பரை டிசம்பரோடும் ஒப்பிடுங்கள். ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று எடுத்து ‘குறைந்து வருகிறது’ என்று கோடு போட்டால், அந்தக் கோடு மழையால் நீர்த்துப்போனதை மட்டும் காட்டலாம்.

யார் அந்தத் தண்ணீரைத் தொடுகிறார்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். டொலுவீனுக்கு 700, எத்தில்பென்சீனுக்கு 300, சைலீனுக்கு 500. அமெரிக்கா பென்சீனுக்கு 5 என்று வைத்திருக்கிறது. அதே அமெரிக்காவில், கலிபோர்னியா 2012-இல் கொண்டுவந்த கொள்கை, மிதக்கும் எண்ணெய் இல்லாமல் படர்வு 250 அடிக்குள் நின்று, படர்வின் எல்லையிலிருந்து 1000 அடிக்கு அப்பால்தான் அடுத்த கிணறு என்றால், பென்சீன் 3000-க்குக் கீழே இருந்தால்கூட மூடலாம் என்கிறது. யாரும் தொடாத நீர், நகராத படர்வு, தானே இறங்கிவிடும் என்பது அதன் தர்க்கம். தர்க்கம் சரி. ஆனால் சென்னைக்குள் 1000 அடி சுற்றளவில் கிணறே இல்லாத இடம் வேண்டுமென்றால் கடலைத்தான் காட்ட வேண்டும்.

ஆகவே தூரத்துக்குப் பதில் வீடு வீடாகப் போய் எடுத்த கிணற்றுக் கணக்கு வேண்டும்: போரின் ஆழம், கேசிங் (போருக்குள் இறக்கும் உறைக் குழாய்) எதுவரை, உறை கிணறு உண்டா, மோட்டார் எத்தனை எச்.பி., தண்ணீர் சமையலுக்கா கழிப்பறைக்கா, வெயிலில் தண்ணீர் லாரிக்கு விற்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது. மோட்டார் ரூமையும் தெருவில் நிற்கும் லாரியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவி. நீரில் கரைந்தது மட்டும் என்றால் கட்டடத்தின் அடித்தளத்துக்கும் மாசுக்கும் நடுவே 6 அடி சுத்தமான மண் இருந்தால் பெட்ரோல் ஆவி பொதுவாக மேலே வருமுன் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மிதக்கும் எண்ணெய் இருந்தால் 15 அடி வேண்டும். கடலோர மணலில் நீர்மட்டம் மேலேயே இருக்கும் இடங்களில், அதுவும் கீழே கார் பார்க்கிங் தோண்டியிருந்தால், இந்த இடைவெளி கிடைக்காது. வீட்டு சம்ப்பை மறக்காதீர்கள். சிமெண்ட் விரிசல் வழியாகவும், கறுப்பு பாலிஎத்திலீன் குழாயின் சுவர் வழியாகவும் பென்சீன் உள்ளே நுழையும். மெட்ரோ வாட்டர் சுத்தமாகவே வந்தாலும் சம்ப்பில் நாற்றம் எடுப்பது இப்படித்தான்.

அளவீட்டின் தரம். தனிப் பத்தி தேவைப்படாத அளவுகோலாகத் தோன்றும், ஆனால் பாதித் தவறான முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. 40 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ளே அமிலம், பி.எச். 2-க்குக் கீழே. நிமிஷத்துக்கு 100 முதல் 500 மில்லி வேகத்தில் மெதுவாக இறைத்து, விளிம்பு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவுகூட குமிழி தெரிந்தால் அந்தக் குப்பி வீண். உடனே ஐஸ் பெட்டி. 14 நாளுக்குள் பகுப்பாய்வு. மே மாத வெயிலில் பைக் பெட்டியில் மதியம் முழுக்க அலைந்த குப்பியில் பென்சீன் குறைவாகத்தான் இருக்கும். அதைச் சுத்திகரிப்பின் வெற்றி என்று எழுதிவிடுவார்கள்.

‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால், எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். ஆய்வகம் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத முறையைப் பயன்படுத்தியிருந்தால், 10 என்ற இலக்குக்கு அந்தத் தாள் உதவாது. அதேபோல், சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் வரும் மினரல் ஆயில் வரியை வைத்துப் பென்சீனை முடிவு செய்யாதீர்கள். இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 மினரல் ஆயிலுக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்கிறது. 100 மைக்ரோகிராம் பென்சீன் என்பது 0.1 மில்லிகிராம்தான், அந்த எல்லைக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

## வழி 1: தொடர்ந்து இறைத்தல்

எண்ணெய் இன்னும் ஊறி வருகிறது, படர்வு பக்கத்து மனைக்குள் நகர்கிறது, யாரோ அந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள் — இந்த மூன்றில் ஒன்று உண்மையானாலும் பம்பை நிறுத்தக் கூடாது. இறைப்பது இங்கே சுத்தம் செய்வதைவிட, வேலி போடுவதுதான்: நீரோட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, மாசை மனைக்குள்ளேயே வைத்திருக்கும்.

மூன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 50,000 லிட்டர் இறைக்கிறீர்கள், அதில் மொத்த ஹைட்ரோகார்பன் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் வெளியே வருவது 10 கிராம். பெட்ரோலாகச் சொன்னால் பதின்மூன்று, பதினான்கு மில்லி, ஒரு மேஜைக்கரண்டிகூட நிறையாது. வருஷத்துக்கு ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதற்காக ஒரு பம்ப், ஒரு புளோயர், இரண்டு கார்பன் தொட்டி, மாதாமாதம் ஓர் ஆள்.

மறைந்த செலவுகள் பலருக்குத் தெரிவதில்லை. சென்னைத் தண்ணீரில் இரும்பு இருந்தால் இரும்புப் பாக்டீரியா செந்நிறச் சளியாகக் குழாயை அடைக்கும். கடினத்தன்மை, நீரிலிருந்து ஆவியைப் பிரிக்கக் காற்றூதும் கோபுரத்தில் சுண்ணாம்பாகப் படியும். கார்பனின் துளைகளை ஹைட்ரோகார்பனுக்கு முன் இரும்பு பிடித்துக்கொள்ளும், ஆகவே கணக்கிட்டதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். பயன்படுத்திய கார்பன் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும். குப்பை வண்டியில் போட முடியாது, கும்மிடிப்பூண்டி போன்ற அங்கீகரித்த கழிவு மையத்துக்கு ஆவணத்தோடு அனுப்ப வேண்டும். இறைத்த நீரை எங்கே விடுவது என்பதற்கும் அனுமதி தேவை.

ஒரு விதிவிலக்கு: பங்க்கின் தொட்டியை இனிமேல்தான் மாற்றப் போகிறீர்கள் என்றால், குழி திறந்திருக்கும் அந்தச் சில நாட்களில் நாற்றமடிக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிடுங்கள். பல வருஷம் இறைப்பதைவிட அது அதிகம் சாதிக்கும். கான்கிரீட் போட்டு மூடிய பிறகு யாரும் மறுபடி உடைக்க மாட்டார்கள்.

## வழி 2: நிறுத்திவிட்டுக் கண்காணித்தல்

இதைச் ‘சும்மா விடுவது’ என்று நினைப்பவர்கள் உண்டு. சும்மா விட்டால்தான் சும்மா; அளந்துகொண்டே விட்டால் அது ஒரு வழிமுறை.

இயற்கையின் வேகம் குறைவில்லை. எண்ணெய் தங்கியிருக்கும் மண்ணில் அது தானாகவே சிதையும் வேகத்தைப் பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். நடுவிலுள்ள பாதி இடங்களில் ஏக்கருக்கு வருஷம் 700 முதல் 2800 காலன் வரை. நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சுமார் 145 முதல் 580 லிட்டர். மேலே பார்த்த பம்ப்பின் ஐந்து லிட்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: இது மொத்த எண்ணெயின் கணக்கு. பென்சீன் எவ்வளவு குறைந்தது என்பதை இது சொல்லாது. அதற்குக் கிணறுதான் சாட்சி.

பென்சீனைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும், தீர்ந்ததும் நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்ஃபேட் என்று இறங்கும், கடைசியில் மீத்தேன் உண்டாக்கும். ஒரு மில்லிகிராம் பென்சீனைச் சிதைக்க ஏறத்தாழ 3.1 மில்லிகிராம் ஆக்சிஜன், அல்லது 4.6 மில்லிகிராம் சல்ஃபேட் வேண்டும். கடல்நீர் ஏறிய கரையோர நீரை நாம் சாபமாகப் பார்க்கிறோம். ஆனால் அதிலுள்ள சல்ஃபேட் இந்த நுண்ணுயிர்களுக்கு விருந்து. கிணற்றில் அழுகிய முட்டை நாற்றமும், படர்வின் நடுவில் சல்ஃபேட் சுற்றுப்புறத்தைவிடக் குறைந்திருப்பதும் தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இந்த அறிகுறிகளை அளக்காமல் பென்சீனை மட்டும் அளந்தால், குறைந்தது சிதைவாலா நீர்த்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு எதிரி எத்தனால். 20% எத்தனால் கலந்த பெட்ரோல் கசிந்திருந்தால், நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்று ஆக்சிஜனையும் சல்ஃபேட்டையும் தீர்த்துவிடும். பென்சீன் வரிசையில் பின்னால் நிற்கும், அதுவரை படர்வு நீளும். பழைய கசிவின் அனுபவத்தை வைத்துப் புதிய கசிவுக்கு வருஷம் சொல்லக் கூடாது.

எத்தனை வருஷம் ஆகும்? இப்போது பென்சீன் லிட்டருக்கு 800 மைக்ரோகிராம் என்றால் பாதி பாதியாக எழுதிப் பாருங்கள்: 400, 200, 100, 50, 25, 12.5, பிறகுதான் 10-க்குக் கீழே. ஆறு முறைக்குக் கொஞ்சம் மேல். பாதியாக ஒரு வருஷம் என்றால் ஆறேகால் வருஷம். இரண்டு வருஷம் என்றால் பன்னிரண்டரை. அறிக்கைகளில் அடிக்கடி வரும் தவறு: கிணறு தூரம் போகப் போக அளவு குறையும் வேகத்தை எடுத்து, அதையே காலக் கணக்குக்குப் போடுவது. தூரத்தில் குறைவது படர்வு நீள்கிறதா என்பதைச் சொல்லும். மூலத்தில் எண்ணெய் எப்போது தீரும் என்று சொல்ல, ஒரே கிணற்றில் வருஷக்கணக்கில் இறங்கும் வேகம் வேண்டும்.

நிறுத்திய பிறகு அளவு திரும்ப ஏறும், அது எதிர்பார்த்ததே. களிமண் அடுக்கிலிருந்து மெல்ல வெளியேறும் பென்சீன், இறைத்துக்கொண்டிருந்தபோது தெரியாமல் இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஏறி நின்று, பிறகு இறங்கத் தொடங்கினால் வழி 2 சரி. ஏறிக்கொண்டே போனால் பம்பைத் திரும்ப ஓட்ட வேண்டும், ஆகவே முதல் வருஷம் இயந்திரத்தைப் பிரித்து விற்றுவிடாதீர்கள்.

மறைந்த செலவு: ஆய்வகக் கட்டணம் பல வருஷம் ஓடும். கண்காணிப்புக் கிணறு தெருவில் இருந்தால் சாலை போடும்போது தாருக்கடியில் போய்விடும். பக்கத்து வீட்டு வளாகத்தில் இருந்தால், வீடு கைமாறியதும் உள்ளே விட மாட்டார்கள்.

## வழி 3: நிபந்தனையுடன் மூடுதல்

மூலத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, படர்வு மனைக்குள் நிற்கிறது, ஐந்து வருஷமாக வளரவில்லை என்றால் இதுவே நடைமுறைக்குப் பொருந்தும். நிபந்தனைகள் என்ன: இந்த மனையில் போர் போடக் கூடாது, அடித்தளம் தோண்டினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், பங்க் மூடப்பட்டு வீடு கட்டினால் ஆவிச் சோதனை செய்ய வேண்டும்.

பலவீனம் காகிதத்தில் இருக்கிறது. பதிவு செய்யாத நிபந்தனை வில்லங்கச் சான்றில் வராது. பத்து வருஷம் கழித்து வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் இரண்டு அடுக்குக் கார் பார்க்கிங்குக்காகக் குழி தோண்டி, நாளெல்லாம் தண்ணீர் இறைப்பார். நின்றிருந்த படர்வு அந்தக் குழியை நோக்கித் திரும்பும். அந்த நீர் தெருச் சாக்கடைக்குப் போகும். நிபந்தனையைப் பத்திரமாகப் பதிவு செய்ய முடியாவிட்டால் இந்த வழியை எடுக்க வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். பங்க்கின் உறை கிணறு பழைய தொட்டிக் குழிக்குப் பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு பெருமழையும் மிச்ச மாசைக் கீழே கழுவி அனுப்பும். கிணற்றை மனையின் எதிர் மூலைக்கு மாற்றுவதை நிபந்தனையில் சேருங்கள்.

## வழி 4: நிபந்தனையின்றி மூடுதல்

எல்லாக் கிணற்றிலும் குடிநீர் அளவுக்குக் கீழே, இரண்டு கோடையிலும் எண்ணெய் தலைகாட்டவில்லை, அளவீடு நம்பத்தக்கது என்றால் மூடிவிடலாம். சிறிய கசிவு, சீக்கிரம் கண்டுபிடித்தது, மண்ணைத் தோண்டி எடுத்தது — இப்படிப்பட்ட இடங்களில் இது எளிதில் கிடைக்கும். டீசல் மட்டும் கசிந்த இடத்தில் பென்சீன் முதலிலேயே குறைவு. கறுத்த மண்ணும் நாற்றமும் பல வருஷம் இருக்கலாம், அதற்காகப் பெட்ரோல் இடம் மாதிரி மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

| | தொடர்ந்து இறைத்தல் | கண்காணித்தல் | நிபந்தனை மூடல் | முழு மூடல் |
|---|---|---|---|---|
| மிதக்கும் எண்ணெய் | ஊறி வருகிறது | எடுக்க வரவில்லை | மனைக்குள் மட்டும் மிச்சம் | இரு கோடையிலும் இல்லை |
| படர்வு | நகர்கிறது | நிற்கிறது | ஐந்து வருஷமாக வளரவில்லை | இலக்குக்குக் கீழே |
| பக்கத்து போர் | மாசு எட்டுகிறது | எட்டவில்லை, தொடர்ந்து அளக்க முடியும் | எட்டவில்லை | பொருட்டில்லை |
| மறைந்த செலவு | கார்பன், சளி, கழிவு | வருஷக்கணக்கில் ஆய்வகம் | பத்திரம், மனை மதிப்பு | மூடும் முன் கூடுதல் சுற்றுகள் |
| எங்கே சறுக்கும் | எதையும் எடுக்காமல் ஓடும் | எத்தனால், புதிய போர் | அடுத்த உரிமையாளர் | மழைக்கால மாதிரி மட்டும் |

## நகரத்துக்குள் எங்கே எது

வட சென்னைக் கரையோர மணல், தண்டையார்பேட்டை பக்கம்: நீர் மேலேயே, வீடுகள் நெருக்கம், உறை கிணறும் கைபம்பும் இன்னும் பயனில். 2013-இல் குழாய்க் கசிவால் வீட்டு போர்களில் எரிபொருள் வந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது இங்கேதான். நுண்ணுயிர் வேலை நன்றாக நடக்கும் மண், ஆனால் தவறினால் உடனே ஒருவர் குடத்தில் தெரியும். வழி 2-க்கு மாறும் முன் சுற்றியுள்ள வீடுகளுக்கு மாற்றுக் குடிநீர் உறுதியாக வேண்டும்.

கிண்டி, பல்லாவரம் பக்கம் பாறை. வெடிப்பு வழியாக மாசு ஓடும். பாறையில் நுண்ணுயிருக்கு இடம் குறைவு. நீரோட்டத் திசை என்று காகிதத்தில் போட்ட அம்புக்குறி இங்கே பொய் சொல்லும். ஓர் ஆழமான போர், 200 அடிக்கு அப்பால், தொடர்ந்து ஓடினால் மாசை இழுத்துவிடும். இந்தப் பகுதியில் வழி 4 என்று பரிந்துரை வந்தால் பக்கத்து போர்களின் மாதிரி எங்கே என்று கேளுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: ஆழத்தில் நிறுத்திய மோட்டார் பல வெடிப்புகளின் நீரைக் கலந்து தரும். மாசுள்ள ஒரே வெடிப்பு அதில் கரைந்து காணாமல் போகும்.

சட்டப் பக்கம்: மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கொருமுறை பட்டியலிட வேண்டும், முதல்கட்ட ஆய்வுக்கு 90 நாள், விரிவான ஆய்வுக்கு மேலும் மூன்று மாதம். முன்னே கோப்புக்குள் தூங்கிய இடங்கள் இனிப் பட்டியலில் ஏறும். மூடும் முடிவை அளவீட்டோடு எழுத்தில் வைத்திருப்பவருக்குப் பதில் சொல்வது எளிது.

எந்த வழியில் மூடினாலும் கண்காணிப்புக் கிணறுகளை அப்படியே விட்டுப் போகாதீர்கள். மூடி உடைந்த ஒரு கிணறு, மழை வெள்ளத்தில் தெருச் சாக்கடையை நேரே நீர்மட்டத்துக்கு இறக்கும் புனல். குழாயை முடிந்தால் உருவி எடுத்துவிட்டு, சிமெண்டும், நீரில் உப்பும் களிமண்ணான பெண்டோனைட்டும் கலந்த கூழை மேலிருந்து ஊற்றாமல், சிறு குழாய் இறக்கி அடியிலிருந்து மேலே நிரப்பி அடையுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். நீரோட்டம் போகும் பக்கத்து எல்லைச் சுவர் ஓரம் உள்ள ஒரே ஒரு கிணற்றை மட்டும் பூட்டுப் போட்டு விட்டுவையுங்கள். அடுத்த பெருங்கோடையில் ஒரு குப்பி எடுக்க அது வேண்டியிருக்கும்.